எண்ணெயும் எழிலும்



எஞ்சினியராக வரவேண்டும் என்ற ஆசை இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளைஞர் பலருக்கு உண்டு. தம் பிள்ளை எஞ்சினியராக வரவேண்டும் என்ற ஆசையோ பெரியோரில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. கணிதம் படிக்கிற பிள்ளை தூரிகையையோ வீணையையோ கையில் எடுத்தால், "சோதனை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று வீட்டிலே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் 'பிறகு' பலருக்கு வருவதே இல்லை. எண்ணெய்த் தொழிலையும் கலையார்வத்தையும் எண்பத்தாறு வயது வரை ஒன்றாகவே வளர்த்த ஒருவரைப் பற்றி இன்று பேச நாம் துணிந்ததற்குக் காரணம் அதுதான். அவரை மகான் என்று காட்டும் நோக்கம் நமக்கில்லை. அவருடைய கணக்கில் வரவும் உண்டு, செலவும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

அவர் பெயர் கலூஸ்த் குல்பென்கியன். ஆர்மீனியர். 1869 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23 ஆம் திகதி, கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரின் ஆசியக் கரையிலுள்ள ஸ்கூத்தாரியிலே பிறந்தார். தந்தையார் மண்ணெண்ணெய் வியாபாரி. பையன் மார்செய்யில் பிரெஞ்சு கற்றான். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலே பொறியியல் பயின்று, 1887 இல், பதினெட்டு வயதிலே, பட்டம் பெற்றான். மறு வருடமே தந்தை அவரைக் காஸ்பியன் கடலோரத்திலுள்ள பாகூ என்ற எண்ணெய் நகரத்துக்கு அனுப்பினார்.

எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போன இளைஞன் என்ன செய்தான்? அவற்றை நன்றாகவே பார்த்தான். அத்தோடு அந்த நாட்டின் கம்பளங்களையும் பார்த்தான். 1891 இல் பிரெஞ்சு மொழியில் அவர் வெளியிட்ட பயண நூலிலே எண்ணெயும் கம்பளமும் இரண்டும் இடம்பெற்றன. கலை அவருக்கு ஓய்வுகாலப் பொழுதுபோக்காக வந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அந்த நூலினால் அவர் பெயர் துருக்கிப் பேரரசின் அதிகாரிகளுக்கு எட்டியது. மெசப்பொத்தேமியாவில் எண்ணெய் உண்டா என்று ஓர் அறிக்கை தரும்படி கேட்டார்கள். நண்பர்களே, அவர் அங்கே போகவில்லை! பிரயாணிகள் எழுதியவற்றை வாசித்து, ரயில்பாதை எஞ்சினியர்மாரிடம் விசாரித்து, அறிக்கையை எழுதி முடித்தார். கட்டுரைப் பாடத்துக்கு இம்முறையைக் கையாளும் பல்கலைக்கழக மாணவர் நம்மிடையேயும் உண்டு. ஆனால் அவருடைய முடிபு சரியாகவே இருந்தது.

1896 இல் ஆர்மீனியர் மீது கொலைவெறி தலைவிரித்தாடியபோது, மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி எகிப்துக்கு ஓடினார். அங்கே பாகூவின் பெரும் எண்ணெய்ச் செல்வரான மந்தாஷெவ் என்ற ஆர்மீனியரின் தொடர்பு கிடைத்தது. பிறகு லண்டன், 1902 இல் பிரித்தானியப் பிரசை. 1907 இல் றோயல் டச்சுக் கம்பனியும் ஷெல் கம்பனியும் ஒன்றுசேர்ந்ததிலே அவருடைய கை இருந்தது. 1912 இல் துருக்கிப் பெற்றோலியக் கம்பனி உருவாவதற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே.

இனி வருவது அவருடைய புகழ்பெற்ற ஐந்து வீதக் கதை. 1914 மார்ச்சில் அந்தக் கம்பனியின் பங்குகளை வல்லரசுகளும் பெருங் கம்பனிகளும் பிரித்துக்கொண்டபோது, ஆங்கிலோ-பேர்சியன் கம்பனியிலிருந்து இரண்டரை வீதம், ஷெல்லிலிருந்து இரண்டரை வீதம் என இவருக்கு ஐந்து வீதம் ஒதுக்கப்பட்டது. முதலாம் உலக யுத்தம் வந்தது, பேரரசு மறைந்தது, ஜேர்மானியரின் பங்கு பிரெஞ்சுக்காரரிடம் போயிற்று, அமெரிக்கரும் உள்ளே வந்தனர். ஐந்து வீதத்தை மட்டும் எவராலும் அசைக்க முடியவில்லை. 1927 ஒக்டோபரில் கிர்க்கூக் நகருக்கு அருகே பாபா குர்குர் என்ற இடத்திலே எண்ணெய் பீறிட்டுப் பல நாள் கட்டுக்கடங்காமல் பாய்ந்தது. 1928 ஜூலை 31 இல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. நான்கு பெருங் கூட்டத்தாருக்குத் தலைக்கு 23.75 வீதம். கூட்டிப் பாருங்கள், 95 வரும். மிச்சம் ஐந்தும் தனி ஒரு மனிதருக்கு!

பழைய துருக்கிப் பேரரசின் எல்லையைச் சிவப்புக் கோட்டினால் குறித்து, அதற்குள்ளே கூட்டாளிகள் எவரும் தனித்து எண்ணெய் தேடலாகாது என்றும் அந்த உடன்படிக்கை விதித்தது. பெரியவர்கள் தனித்தனியே வேறிடத்தில் தோண்டத் தொடங்கினால் சிறியவரின் ஐந்து வீதம் வெறுங் காகிதமாகிவிடும் அல்லவா? ஆகவே அந்த விதியை அவர் விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார்.

எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்ததோ, அந்த ஈராக்குக்குக் கம்பனியில் ஒரு பங்குதானும் இல்லை. 1920 இல் சான் ரேமோவிலே, உள்நாட்டு அரசு விரும்பினால் இருபது வீதம் வரை பெறலாம் என்று பேசப்பட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. தொன்னுக்கு நான்கு தங்கச் சிலிங் உரிமைப்பணம், அவ்வளவே. இதற்கு இவர் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. எனினும், லாபம் பெற்றவர் வரிசையில் இவரும் இருந்தார் என்பதை மறைத்துவிட்டு இவருடைய கலையார்வத்தை மட்டும் புகழ்வதும் நியாயமாகாது.

அந்தப் பணம் எங்கே போயிற்று? ஏறக்குறைய ஆறாயிரம் கலைப்பொருள்களாயிற்று. எகிப்தியச் சிற்பம், கிரேக்க நாணயம், பாரசீகக் கம்பளம், இஸ்னிக் மட்பாண்டம், பள்ளிவாசல் விளக்கு, ஆர்மீனியச் சுவடி, பிரெஞ்சுத் தளபாடம், நண்பர் லாலிக் செய்த நகைகள்! பிறர் சொல்லிக் கண்மூடி வாங்கும் செல்வரல்லர் அவர். நிபுணரிடம் கேட்பார், ஆராய்வார், பேரம் பேசுவார், பின்பே வாங்குவார்.

சோவியத் அரசு அந்நியச் செலாவணி இல்லாது தவித்த காலத்திலே, ஹேர்மிட்டேஜ் நூதனசாலையின் செல்வங்களை இரகசியமாக விற்கத் தொடங்கியது. முன்னர் அவர்களுடைய எண்ணெயை விற்க உதவிய இவருக்கு வாசல் திறந்தது. 1929, 1930 ஆகிய இரு வருடங்களில் றெம்பிரான்ட், றூபன்ஸ் ஆகியோரின் ஓவியங்களும், ஊடோன் சலவைக்கல்லில் வடித்த டயானா சிலையும் அவர் கைக்கு வந்தன. வாங்கிக்கொண்டே, 'எதையும் விற்றுக்கொள்ளுங்கள், நூதனசாலைப் பொருளை மட்டும் விற்காதீர்கள்' என்ற கருத்துப்பட சோவியத் அதிகாரிக்குக் கடிதமும் எழுதினார். இதைக் கபடம் என்பாரும் உளர். தாம் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்குவார் என்று அறிந்த ஒருவரின் உண்மையான வருத்தம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பரிசில் இயேனா அவெனியூவிலிருந்த அவர் மாளிகையில் இவையெல்லாம் குவிந்தன. அவற்றைத் தம் பிள்ளைகள் என்பார். பார்க்க வர விரும்பிய ஒருவரிடம், 'என் அந்தப்புரத்துப் பெண்களை அந்நியருக்கு முகங்காட்டச் சொல்கிறீரா?' என்ற கருத்தில் பதில் சொன்னதாக ஒரு கதையுண்டு. சொந்தப் பிள்ளையோடு உறவு அவ்வளவு சுமுகமாக இருக்கவில்லை. மகன் நூபார் மதிய உணவுக்கு உண்ட கோழிக்கறியின் செலவைக் கம்பனிக் கணக்கிலே ஏற்றியதால் எழுந்த தகராறு நீதிமன்றம் வரை சென்றது என்பர். ஓவியத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர் கோழிக்குக் கணக்குப் பார்த்தாரே!

இவ்வளவு அழகையும் பூட்டி வைத்திருந்தால் அந்த அன்பினால் யாருக்கு என்ன பயன்? இக்கேள்வி வயது ஏற ஏற அவரையும் உறுத்தியிருக்க வேண்டும். 1936 இலேயே எகிப்தியப் பொருள்களைப் பிரித்தானிய நூதனசாலைக்கு இரவலாகக் கொடுத்தார். ஓவியங்கள் லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குச் சென்றன. யுத்தத்தின் பின் பல பொருள்கள் வாஷிங்ரனுக்குச் சென்றன. பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வாழவேண்டும் என்பதே கடைசிக் கால ஏக்கம்.

அந்தக் கூரை அவர் கனவிலும் நினைத்திராத இடத்திலே கிடைத்தது. யுத்தத்தின் நடுவே, 1942 ஏப்ரிலில், போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகருக்கு வந்தார். வழிப்போக்கராக வந்தவர் அவிஸ் ஹோட்டலில் பதின்மூன்று வருடம் தங்கி, 1955 ஜூலை 20 இல் அங்கேயே காலமானார். செல்வத்தின் பெரும்பகுதியைக் கலை, கல்வி, விஞ்ஞானம், தருமம் ஆகிய நான்குக்குமாக எழுதிவைத்திருந்தார். 1956 இல் அறநிலையம் தொடங்கியது. 1969 ஒக்டோபர் 2 இல், லிஸ்பனில் ஒரு பூங்காவின் நடுவே, நூதனசாலை திறக்கப்பட்டது. டயானாவை யாரும் போய்ப் பார்க்கக்கூடிய நிலை அதனால் உண்டாயிற்று.

ஈராக்கையும் அந்த அறநிலையம் மறக்கவில்லை. 1962 இல் பக்தாதில் நவீன ஓவியக்கூடம் ஒன்றும், 1966 இல் பெரிய விளையாட்டரங்கு ஒன்றும் அதன் பணத்தால் எழுந்தன. எடுத்ததற்கு ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே நாம் சொல்வோம். 1972 இல் ஈராக் தன் எண்ணெய்க் கம்பனியைத் தேசியமயமாக்கிக்கொண்டது. அறநிலையமும் தன்னிடம் எஞ்சியிருந்த எண்ணெய்க் கம்பனியை 2019 இல் தாய்லாந்து நாட்டுக் கம்பனி ஒன்றுக்கு விற்றுவிட்டது. பாகூவுக்குப் போன பையன் தொடங்கிவைத்த எண்ணெய்க் கணக்கு அன்றோடு மூடப்பட்டது. கம்பளங்கள் லிஸ்பனில் இருக்கின்றன.