கூகுலன் கதையை ஆடிய அயர்லாந்துச் சிறுவர்



ஐந்து அகவைச் சிறுவன் ஒருவன் தாய்மனை விட்டுத் தன்னந்தனியே கோநகர் நோக்கிப் புறப்படுகின்றான். கையில் வளைகோல், பந்து, சிறியதோர் எறிவேல். பந்தை அடித்துத் தொலைவிற் போக்குகின்றான். அதன்பின்னே கோலை எறிகின்றான். கோலின்பின்னே வேலை வீசுகின்றான். வேல் நிலத்தில் வீழுமுன்னரே ஓடிச்சென்று பற்றுகின்றான். நெடுவழி முழுவதும் அவனுக்கு விளையாட்டே. செதந்தா என்பது அவன் பெயர். கோநகரில் நூற்றைம்பது சிறுவர் ஒருங்கே பாய்ந்தும் அவனை வெல்ல முடியவில்லை. பின்பொருநாள் குலன் என்னும் கொல்லன் மன்னனுக்கு விருந்து வைக்கின்றான். ஆட்டம் முடித்துப் பின்னர் வருவதாகச் சொன்ன சிறுவனை மன்னன் மறந்துவிட, காவலுக்கு அவிழ்த்துவிடப்பெற்ற கொடுநாய் அவன்மேற் பாய்கின்றது. நாய் மாள்கின்றது. காவல் போயிற்றே என்று கொல்லன் கலங்குகின்றான். வேறொரு குட்டி வளர்ந்து ஆளாகும்வரை அம்மனையின் காவலைத் தானே ஏற்பதாகச் சிறுவன் உறுதி கூறுகின்றான். அன்றுமுதல் அவன் பெயர் கூகுலன். குலனின் நாய் என்பது அதன் பொருள்.

ஆனிரை கவர்தலைக் கூறும் ஐரிசுப் பழங்காப்பியத்தின் ஒரு கூறு இது. வெட்சியும் கரந்தையும் அறிந்த தமிழர்க்கு அக்களம் அயலதன்று. 12-ஆம் நூற்றாண்டு ஏடுகளிலேயே அது எழுதப்பெற்றுள்ளது. கதையின் அகவையோ அதனினும் முதிது. இக்கதையைத்தான் 1909-ஆம் ஆண்டு சூன் திங்களில், தப்ளின் நகரத்துத் தூய எண்டா பள்ளியின் சிறுவர், பள்ளியை அடுத்த வெட்டவெளியில், ஐரிசு மொழியிலேயே கூத்தாக ஆடிக் காட்டினர். கதையில் வரும் சிறுவர் குழாத்தைச் சிறுவரே ஆடினர்.

இதில் என்ன வியப்பு? ஐரிசுச் சிறுவர் ஐரிசில் பேசினர். அவ்வளவுதானே என்று தோன்றும். அன்றைய நிலையை அறிந்தார்க்கே அதன் அருமை விளங்கும். 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் 15 நூறாயிரத்திற்கு மேற்பட்டிருந்தனர். 1901-இல் ஏறத்தாழ 6 நூறாயிரத்து 41 ஆயிரம் பேரே எஞ்சினர். உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று நாடு பட்டினியால் மாண்டபோது, இறந்தோரும் கப்பலேறிப் போனோரும் பெரும்பாலும் அம்மொழி பேசிய எளிய மக்களே. எஞ்சியோர் பிள்ளைகளின் கழுத்தில் குச்சியொன்று கட்டப்பட்டது. தாய்மொழியில் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு. வெட்டுக்கு ஏற்ப அடி. இக்கொடுமைக்குப் பெற்றோரே உடன்பட்ட ஊர்களும் உண்டு. ஆங்கிலம் வந்தால் பிழைப்பு வரும் என்னும் எண்ணம், அடிமைப்பட்ட நாடு எதிலும் முளைப்பதுதானே!

அப்பள்ளியை 1908-இல் தொடங்கிய பாட்ரிக்கு பியர்சு, ஐரிசைத் தாய்ப்பாலோடு பருகியவர் அல்லர். தந்தை இங்கிலாந்திலிருந்து வந்த கற்றச்சர், வீட்டுமொழி ஆங்கிலம். முயன்று கற்றே அம்மொழியைத் தம்முடையதாக்கிக் கொண்டார். கேலிக்குக் கழகத்தின் 'ஒளிவாள்' என்னும் இதழுக்கு 1903 முதல் ஆசிரியராக இருந்தார். தாம் கற்ற மொழியைச் சிறுவர் வாயில் உயிரோடு கேட்க விரும்பினார். கரும்பலகையில் 'இது பந்து' என்று எழுதிப் படிக்கும் சிறுவன் அச்சொல்லைத் தேர்வோடு மறப்பான். பந்தைப் பிடி என்று தோழனை நோக்கிக் கூவும் சிறுவன் மறவான். கூத்தின் ஆற்றல் இதுவே. ஒருவன் உரைக்க, மற்றொருவன் மறுமொழி தர, மொழிக்குக் கையும் காலும் முளைக்கின்றன.

எத்தகைய மொழியை அரங்கேற்றுவது என்னும் பூசலும் எழுந்தது. மேற்குக் கடற்கரையின் உரோசு மக்கு என்னும் சிற்றூரில் பியர்சு குடில் அமைத்து, அவ்வூரார் பேச்சைச் செவியாரக் கேட்டவர். அப்பேச்சிலேயே 'ஈசகான்' என்னும் சிறுவர் கதையை எழுதினார். கோயிலுக்குச் செல்லாத முதியவர் ஒருவரிடம், குழந்தைகளோடு குழந்தையாய் இயேசு வந்து பேசும் கதை அது. முந்நூறு ஆண்டு முந்திய புலவர் நடையே தூய நடை என்று கொண்டிருந்த அறிஞர் அதனைக் கடிந்தனர். ஏட்டில் உறங்கும் நடையே தூயது, உழவன் மகள் வாயிலுள்ளது தூயதன்று என்பது என்ன முறை? ஆங்கிலம் தொடாத சொற்கள் மிகுதியும் அவ்வூர்களில்தாமே எஞ்சியிருந்தன! 1910-இல் அக்கதையும் நாடகமாகிப் பள்ளியில் ஆடப்பெற்று, தப்ளினின் புகழ்பெற்ற அபே அரங்கிலும் ஏறிற்று. 1913 மே 17-ஆம் நாள் அதே அரங்கில், பியர்சின் 'மன்னன்' என்னும் ஐரிசு நாடகத்தை அவர்தம் மாணாக்கர் ஆடினர். அதே மாலையில் வங்கத்துத் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' ஆங்கிலத்தில் ஆடப்பெற்றது. இரண்டிலும் சிறுவனே தலைமாந்தன். இரண்டிலும் அவன் இறக்கின்றான்.

அச்சாவு அரங்கோடு நிற்கவில்லை. படைக்கலம் ஏந்தும் கூகுலனின் ஓவியம் பள்ளியின் முகப்பில் தீட்டப்பெற்றிருந்தது. ஒருநாளே வாழினும் புகழ் நின்றாற் போதும் என்னும் அவன் உறுதிமொழி அதனைச் சுற்றி எழுதப்பெற்றிருந்தது. பதின்மூன்று அகவைச் சிறுவன் நாள்தோறும் படிக்கத்தக்க சொல்லா அது? தயங்காமல் ஆம் என்று கூறுதல் அரிது. 1916-இல் கிளர்ச்சி வெடித்தது. பழைய மாணாக்கர் பலர் ஆசானோடு களம் புகுந்தனர். மே 3-ஆம் நாள் பியர்சும், பள்ளியில் உடன் கற்பித்த தாமசு மக்தோனாவும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் தம்பி வில்லி பியர்சு.

1922-இல் தன்னாட்சி அரசு அமைந்தது. மொழிக்குச் சட்டம் வந்தது, தேர்வு வந்தது. 1934 முதல் ஐரிசில் தேறாதார்க்குப் பள்ளியிறுதிச் சான்று இல்லை என்றாயிற்று. அன்றைய கல்விமுறையைக் கொலைப்பொறி என்று பெயரிட்டுச் சாடியவர் பியர்சு. அவர் பெயரால் ஆண்டோர் அப்பொறியிலேயே அவர் மொழியை இட்டனர். 1935-இல் தலைமை அஞ்சலகத்தில் கூகுலனின் வெண்கலச் சிலை நிறுத்தப்பெற்றது. தூணில் கட்டுண்டு சாகும் மறவனின் சிலை அது. வளைகோல் ஏந்திய சிறுவனின் சிலை அன்று. பொருளின்றித் தூய எண்டா பள்ளி மூடப்பெற்றதும் அதே 1935-இல்தான்.

அத்தேர்வுக் கட்டாயம் 1973-இல் நீங்கிற்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐரிசு பேச வல்லோம் என்றோர் 18 நூறாயிரத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதனைப் பேசுவோர் 71,968 பேர். பெற்றோர் முயன்று நிறுவிய ஐரிசுவழிப் பள்ளிகள் 1970-களிலிருந்து பெருகி வருகின்றன. பள்ளிச் சிறுவர்க்கென ஐரிசு நாடக விழாவும் அந்நாட்டில் நடைபெறுகின்றது.