மாமூல் சட்டமான கதை
(எல்லைப்புற ஆட்சியைப் பற்றிய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியர் நாட்டில் 1901ஆம் வருஷம் முதல் 2018ஆம் வருஷம் வரையில் நடந்து வந்த ஒரு சட்டத்தைப் பற்றியதாகும். அந்த நாடு இப்பொழுது பாகிஸ்தானில், ஆப்கானிஸ்தானத்து எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் மலைப் பிரதேசம். அவ்வளவு தூரத்துச் சங்கதி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் ஊரில் எந்த அநியாயத்தைப் பற்றிக் கேட்டாலும் "இது மாமூல்", "இது ஊர்க்கட்டுப்பாடு", "பெரியவர்கள் அப்படி ஏற்படுத்தி விட்டார்கள்" என்றுதானே பதில் வருகிறது? அந்தப் பதிலையே ஒரு சர்க்கார் எடுத்துச் சட்டமாக எழுதி, பட்டாளத்தையும் காவல் வைத்து, 117 வருஷ காலம் ஆண்டு பார்த்திருக்கிறது. மாமூலின் யோக்கியதையை அளந்து பார்ப்பதற்கு இதைவிடத் தக்க இடம் கிடைக்காதாகையால்தான் இதை எடுத்துக் கொண்டோம்.

வெள்ளைக்காரன் 1849இல் பஞ்சாபைப் பிடித்தான். அதோடு பெஷாவர்ப் பக்கமும் அவன் கைக்கு வந்தது. அந்த மலை ஜாதியாரை அவனால் அடக்கவும் முடியவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. கோர்ட்டு வைத்துப் பார்த்தான். சாட்சி சொல்ல ஒருவனும் வரவில்லை. உடனே அவனுக்கு ஞானோதயம் உண்டாகி, "இவர்களுக்கென்று புராதனமான வழக்கம் இருக்கிறது, அதன்படியே இவர்கள் ஆளப்பட வேண்டும்" என்று கண்டுபிடித்தான். 1872இல் ஒரு ரெகுலேஷன் செய்தான். 1887இல் அதைத் திருத்தினான். 1901இல் கர்சன் பிரபு காலத்தில் அதை முற்றுவித்து "எல்லைப்புறக் குற்ற ரெகுலேஷன்" என்று நிலைநிறுத்தினான்.

அவர்களுடைய வழக்கந்தான் என்ன என்று முதலில் பார்ப்போம். பட்டாணியர்களுக்குள் சண்டை சச்சரவு வந்தால் ஆண் மக்கள் வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வார்கள். இதற்கு ஜிர்கா என்று பெயர். ராஜா இல்லை, மந்திரி இல்லை. வட்டத்தில் தலைமாடு கால்மாடு இல்லை. எல்லோரும் ஒப்பினால்தான் தீர்மானம். அந்த அளவுக்கு அது நம் நாட்டு அக்கிரகாரத்துப் பஞ்சாயத்தைவிட மேல் என்று நாம் தாராளமாக ஒப்புக் கொள்ளுவோம். ஆனால் அந்த வட்டத்திற்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? பெண்கள் ஒருத்திகூட அதில் உட்காரக் கூடாது. நிலமில்லாமல் பிறரை அண்டிப் பிழைக்கிற குடிபடைகளுக்கும் அதில் குரல் கிடையாது. ஆகவே "எல்லோரும் ஒப்பியது" என்றால், நிலமும் துப்பாக்கியும் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லோரும் ஒப்பியது என்றுதான் அர்த்தம்.

அதன் பலனையும் கேளுங்கள். ஒரு குடும்பத்து ஆண் இன்னொரு குடும்பத்து ஆணைக் கொன்று விடுகிறான். பழிக்குப் பழி வாங்கினால் சண்டை தலைமுறை தலைமுறையாக வளரும். ஜிர்கா கூடிச் சமாதானம் செய்கிறது. எதைக் கொடுத்துச் சமாதானம்? கொன்றவன் வீட்டுப் பெண் குழந்தை ஒன்றைக் கொல்லப்பட்டவன் வீட்டுக்கு மனைவியாகக் கொடுத்துச் சமாதானம்! இதற்கு "சுவாரா" என்று பெயர். கொலை செய்தவன் மீசையை முறுக்கிக் கொண்டு வட்டத்தில் உட்கார்ந்திருப்பான். துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பெண் குழந்தை பழிகாரர் வீட்டில் ஆயுள் முழுவதும் அடிமையாக இருக்க வேண்டும். இதை 2005இல் பாகிஸ்தான் பார்லிமெண்டு குற்றமாக்கிற்று. 2021இல் அந்நாட்டு ஷரியத் கோர்ட்டே இது இஸ்லாத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது. மத நூலிலும் இல்லை, சர்க்கார் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் நடந்து வந்தது. ஏனென்றால் மாமூல்!

சரி, வெள்ளைக்காரன் இந்த ஜிர்காவையாவது அப்படியே வைத்தானா? அதுதான் இல்லை. அவன் சட்டத்து ஜிர்காவுக்கு ஆட்களைப் பொறுக்கி எடுப்பவன் சர்க்கார் உத்தியோகஸ்தன். மலை நாட்டில் அவனுக்குப் பொலிடிகல் ஏஜெண்டு என்று பெயர். அவன் பொறுக்குகிற ஆட்கள் யார்? சர்க்காரிடம் மானியம் வாங்குகிற "மாலிக்"குகள். அவர்கள் சொல்லுவதும் தீர்ப்பு அல்ல, அபிப்பிராயந்தான்; ஏஜெண்டுக்குப் பிடித்தால் வைத்துக் கொள்ளுவான், பிடிக்காவிட்டால் வேறு ஜிர்கா கூட்டச் சொல்லுவான். வக்கீல் கிடையாது. ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. வரி வாங்குகிறவனும் அவன், பிடிக்கிறவனும் அவன், நீதிபதியும் அவன். பேர் மட்டும் "ஜனங்களுடைய புராதன வழக்கம்"! நம் ஊரில் தர்மகர்த்தாவையும் தானே நியமித்து, உண்டியல் சாவியையும் தானே வைத்துக் கொண்டு, "கோவில் ஊருக்குச் சொந்தம்" என்று சொல்லுகிறவனை நாம் பார்த்ததில்லையா? அதே கதைதான்.

இதைவிடக் கொடுமையானது இச்சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகள். ஒரு ஜாதியைச் சேர்ந்த ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடிவிட்டால், அந்த ஜாதியார் யாரை வேண்டுமானாலும் பிடித்து அடைக்கலாம். அவர்கள் ஆடு மாடு, சொத்துக்களைப் பறிமுதல் செய்யலாம். ஊரே அபராதம் கட்ட வேண்டும். அந்த ஜாதியார் சமவெளிக்கு வந்து வியாபாரம் செய்ய முடியாதபடி வழியையும் அடைத்து விடலாம். வேறு பிரிவுகளின்படி வீடுகளை இடித்துத் தள்ளவும் அதிகாரம் உண்டு. ஒருவன் மாட்டைத் திருடினால் ஊர்க் கிணற்றைத் தூர்ப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒன்று ஞாபகம் வரவேண்டும். அந்த முதல் ரெகுலேஷனுக்கு ஒரு வருஷம் முந்தி, 1871இல், இதே சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தது. 1911இல் அது நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, கைரேகைச் சட்டம் என்று பேர் பெற்றது. பிறந்த ஜாதியைப் பார்த்துக் குற்றவாளி என்று சொன்ன அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் 16 பேர் போலீஸ் குண்டுக்கு இரையானார்கள். ஒருவன் செய்ததற்கு அவன் ஜாதி முழுவதையும் பிடி என்ற ஒரே புத்தியிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகள் இவை. நம் பிள்ளை 1947இல் இந்த மாகாணத்தில் செத்தது. எல்லைப்புறத்துப் பிள்ளை வெள்ளைக்காரன் கப்பலேறிய பிறகும் கொழுத்து வளர்ந்தது. அதைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

அந்தச் சட்டத்தில் 40ஆம் பிரிவு என்று ஒன்று. சமாதானத்துக்குப் பங்கம் விளைவிப்பான் என்று அதிகாரிக்குத் தோன்றினால் எவனையும் ஜாமீன் கட்டச் சொல்லலாம். கட்டாவிட்டால் 3 வருஷம் வரை ஜெயிலில் போடலாம். குற்றம் நடந்திருக்க வேண்டியதில்லை. கான் அப்துல் கபார் கான் அவர்களை 1921இல் வெள்ளைக்கார சர்க்கார் இந்தப் பிரிவின்படிதான் 3 வருஷம் ஜெயிலில் போட்டது. பள்ளிக்கூடம் வைத்ததும், கூட்டம் போட்டுப் பேசியதும்தான் அவர் செய்த குற்றம். 1947இல் சுதந்திரம் வந்தது. 1948 ஏப்ரலில் ஜனாப் ஜின்னா பெஷாவரில் மாலிக்குகளின் ஜிர்காவைக் கூட்டி, உங்கள் உள் விவகாரங்களில் தலையிட மாட்டோம், மானியமும் நடக்கும் என்று வாக்களித்தார். 2 மாதம் கழித்து, ஜூனில், புது சர்க்கார் கபார் கானைப் பிடித்தது. ஜாமீன் கேட்டது, அவர் மறுத்தார், 3 வருஷம். எந்தப் பிரிவு என்று நினைக்கிறீர்கள்? அதே 40! கையெழுத்துப் போட்டவர்தான் மாறினாரே ஒழிய, பிரிவின் நம்பர்கூட மாறவில்லை. எல்லைக் காந்தி என்று பட்டம் கட்டி இங்கே படம் மாட்டியவர்கள் எத்தனை பேர் இந்த நம்பரைப் பற்றிப் பேசினார்கள்?

1954இல் பாகிஸ்தானின் உயர்ந்த கோர்ட்டில் இருந்த ஜஸ்டிஸ் கார்னீலியஸ், இந்த ரெகுலேஷன் நியாய பரிபாலனத்திற்கென்று இக்காலத்தில் உலகம் ஒப்புக் கொண்ட முறைகளுக்கெல்லாம் விரோதமானது என்று தீர்ப்பில் எழுதினார். கேட்டார்களா? 1973இல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே 247ஆவது ஷரத்து என்று ஒன்றைப் போட்டு, ஜனாதிபதி உத்தரவிட்டாலன்றிப் பார்லிமெண்டு சட்டம் அங்கே செல்லாது, ஹைக்கோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். 1997ஆம் வருஷத்துத் தேர்தலில்தான் அங்குள்ள வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுக் கிடைத்தது. அதுவரையில் மாலிக்குகளுக்கு மட்டுந்தான் ஓட்டு.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், "எல்லைப் பந்தோபஸ்து" என்றார்கள். மாமூலில் கை வைத்தால் மலை ஜாதியார் கிளம்பிவிடுவார்களாம், எல்லை பத்திரமாயிராதாம். அந்தப் பந்தோபஸ்து எப்படி விளைந்தது என்பதையும் பார்த்து விடுவோம்.

1980க்குப் பின் ஆப்கானிஸ்தானத்தில் ரஷ்யப் பட்டாளத்தோடு நடந்த யுத்தத்திற்கு, அமெரிக்கப் பணமும் ஆயுதமும் இந்த மலைகள் வழியாகத்தான் போயின. கோர்ட்டில்லாத, கட்சியில்லாத பிரதேசம் இதற்கு வெகு சௌகரியமாயிருந்தது. அரசியல் கட்சிகள் அங்கே போய் வேலை செய்ய 2011 வரையில் அனுமதி கிடையாது. அப்படியானால் ஜனங்கள் கூடிப் பேச மிஞ்சிய இடம் எது? மசூதி ஒன்றுதான். முல்லா பேசலாம்; வாத்தியாரும் வக்கீலும் கட்சி கட்டிப் பேசக்கூடாது. இப்படி வருஷக் கணக்கில் வைத்துவிட்டு, பிறகு "அங்கே மத வெறி வளர்ந்துவிட்டதே" என்று ஆச்சரியப்பட்டால் என்ன செய்வது! வேலியைப் பிடுங்கினவனே வெள்ளாட்டைக் கண்டு அழுகிற கதையாகத்தான் இருக்கிறது.

2001க்குப் பின் ஆப்கானிஸ்தானத்திலிருந்து தப்பிய ஆயுதக் கூட்டத்தார் இங்கே புகுந்தார்கள். 2004இல் தெற்கு வசீரிஸ்தானத்து வானாவில் சர்க்கார் என்ன செய்தது? பழைய 21ஆம் பிரிவைத் தூசி தட்டி எடுத்து, அந்நியர்களைப் பிடித்துக் கொடு என்று ஜாதி முழுவதையும் நெருக்கி, கடைவீதியைப் பூட்டியது. கடைக்காரனுக்கு அந்நியனைப் பிடிக்கும் சக்தி ஏது? பிடித்துக் கொடுத்தால் அந்தக் கூட்டத்தார் கொல்லுவார்கள். கொடுக்காவிட்டால் சர்க்கார் கடையைப் பூட்டும். சர்க்கார் மானியம் வாங்கின மாலிக்குகளை அந்தக் கூட்டத்தார் நூற்றுக்கணக்கில் கொன்று தீர்த்தார்கள். 2008 அக்டோபரில் ஒரக்சாயில், அவர்களை எதிர்ப்பதற்காகக் கூடின ஜிர்காவிலேயே வெடிமருந்து வண்டியை விட்டார்கள். ஐம்பதுக்கு மேல் செத்தார்கள். அது அந்தப் பக்கத்துக் குண்டு. 2011 மார்ச் 17இல் வடக்கு வசீரிஸ்தானத்து தத்தா கேலில் ஒரு குரோமைட்டுச் சுரங்கத் தகராறைப் பேசி முடிக்க ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்திருந்த போது, ஆளில்லா விமானத்திலிருந்து அமெரிக்கா குண்டு போட்டது. அங்கேயும் ஏறக்குறைய 40 பேர் செத்தார்கள். 2014 ஜூனில் பட்டாளம் வடக்கு வசீரிஸ்தானத்தில் புகுந்த போது பத்து லட்சம் ஜனங்களுக்குக் கிட்ட வீடுவாசலை விட்டு ஓடினார்கள். மாமூல் காப்பாற்றிய பந்தோபஸ்து இதுதான்!

2011இல் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். பெண்களையும், 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், 65 வயதுக்கு மேற்பட்ட கிழவர்களையும் பிறன் குற்றத்துக்காகப் பிடிக்கக்கூடாது என்றார்கள். அதாவது 110 வருஷமாகக் குழந்தைகளையும் பிடிக்கலாம் என்றிருந்ததை அன்றைக்குத்தான் கண்டார்கள். பிறகு 2018 மே மாதத்தில் அரசியல் சட்டத்தின் 25ஆவது திருத்தத்தால் அந்தப் பிரதேசத்தை கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு சேர்த்து, ரெகுலேஷனையும் ஒழித்தார்கள். அவ்வருஷத் தொடக்கத்தில்தான் கராச்சியில் நகீபுல்லா மெசூத் என்ற பட்டாணிய வாலிபனைப் போலீசார் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து மலைநாட்டு இளைஞர்கள் இஸ்லாமாபாத் வரையில் நடந்து, சத்தம் போட்டார்கள். அந்த இயக்கத்தையும் 2024 அக்டோபரில் சர்க்கார் தடை செய்துவிட்டது. தடைக்குக் காரணம் கேட்டால் மறுபடியும் அதே பந்தோபஸ்துதான்.

சட்டம் ஒழிந்ததே, இனி எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். 117 வருஷம் கோர்ட்டுக் கட்டாத ஊரில் ஒரு நாளில் கோர்ட்டு முளைக்குமா? முதலில் வந்த நீதிபதிகள் பக்கத்து ஜில்லாக்களில் உட்கார்ந்துதான் விசாரணை செய்தார்கள். நிலத்துக்குப் பட்டா இல்லை, ரிக்கார்டு இல்லை. யார் நிலம் என்று கேட்டால் மறுபடியும் கிழவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. குர்ரம் என்ற ஜில்லாவில் இந்த நிலத் தகராறே ஷியா, சுன்னி என்ற மதச் சண்டையாக மாறி, 2024 நவம்பர் 21இல் வழியில் போன வண்டிகளைச் சுட்டு 40 பேருக்கு மேல் கொன்றார்கள். பாதை அடைபட்டு, மருந்துக்கும் வழியில்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். சர்க்காரால் முடியவில்லை. கோஹாட்டில் ஜிர்காவைக் கூட்டி, 2025 ஜனவரி 1இல், ஆயுதங்களை ஒப்படைப்பது, பதுங்கு குழிகளை இடிப்பது என்று இரு தரப்பாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்தான 3 நாள் கழித்து, ஜனவரி 4இல், பாதையைத் திறக்கப் போன ஜில்லா அதிகாரியையே பாகன் என்ற ஊருக்கருகில் சுட்டுக் காயப்படுத்தினார்கள்.

நேரமாகிவிட்டது. ஜிர்காவும் வேண்டாம், கோர்ட்டும் எட்டவில்லை என்றால் ஏழை எங்கே போவது என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் அபிப்பிராயம், கோர்ட்டை அவன் ஊருக்குக் கொண்டு வா என்பதுதான்; அந்தப் பெண் குழந்தை தானே நடந்து போய் வழக்குக் கொடுக்கிற தூரத்தில் அது இருக்க வேண்டும். மற்ற தோழர்களும் சந்தேகம் இருந்தால் கேட்கலாம்.