கடைசி வாயிலின் வரிசை



வரிசையில் நிற்பது நம் நாட்டில் யாருக்கும் புதிதன்று. ரயில் நிலையத்துப் பயணச்சீட்டு ஜன்னலிலும், தபால் நிலையத்திலும், ரேஷன் கடையிலும் நின்று பழகியவர்கள் நாம். ஆனால் இணையத்தின் வழியே நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் நம்மைப் போலவே வரிசையில் நின்றுதான் மறுமுனையை அடைகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய வரிசைகளுள் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இணையத்தில் செல்லும் குரலும் படமும் கடிதமும் சிறு சிறு செய்திப் பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகின்றன. பெரிய பொட்டலம் ஒன்று 1,500 பைட் வரை இருக்கும். குரலைச் சுமந்து செல்லும் பொட்டலமோ பொதுவாக 200 பைட் அளவினது. விநாடிக்கு 50 வீதம் புறப்படுவது வழக்கம். பாதைகள் கூடும் இடந்தோறும் ரூட்டர் என்னும் கருவி அமர்ந்து, வந்த பொட்டலத்தை எந்தப் பாதையில் விடுவது என்று தீர்மானிக்கிறது. அந்தப் பாதை ஓய்வாக இராவிட்டால், பொட்டலம் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருக்கும் இடம் ஒன்றன்று, இரண்டு. முதலாவது, ரூட்டரின் மென்பொருள் நடத்தும் வரிசை. இங்கே தராதரம் பார்க்கப்படும். 'குரல் முதலில் போகட்டும். கோப்புகள் பின்னால் வரட்டும்' என்று நாம் கட்டளையிட்டு வைக்கலாம். இரண்டாவது, கம்பியின் வாயிலிலேயே, வன்பொருளில் அமைந்த வரிசை. ரூட்டரின் மூளையாகிய செயலி, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வாயிலுக்கு ஓடிவந்துகொண்டிருக்க இயலாது. ஆகவே சிலவற்றை முன்கூட்டியே அங்கு அடுக்கி வைத்துவிட்டு வேறு வேலையைக் கவனிக்கிறது. அடுக்கும் இடங்கள் வட்டமாகச் சுழன்று வருவதால் பொறியாளர் இதனை 'ரிங்' என்பர். இங்கே அவசரம், சாவகாசம் என்ற பேதம் இல்லை. முன்னே வந்தது முன்னே செல்லும், அவ்வளவே.

தொல்லை இந்த இரண்டாவது வரிசையில்தான் பிறக்கிறது. இது நிரம்பிய பிறகே பொட்டலங்கள் முதல் வரிசையில் தேங்கத் தொடங்கும். தேங்கினால்தான் தராதரம் பார்க்க வாய்ப்பு உண்டு. ஆகையால் நாம் எவ்வளவு நுட்பமாக விதி எழுதி வைத்திருந்தாலும், ரிங் நிரம்பும்வரை அந்த விதி உறங்கிக்கொண்டே இருக்கும். நிரம்பிய பின்போ, முதல் வரிசையில் தலையிடம் பெற்ற குரலும், முன்னரே ரிங்கில் ஏறிவிட்ட பொட்டலங்கள் அனைத்தும் கழியும்வரை நின்றே தீரவேண்டும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிற்றூர்ச் சுகாதார நிலையத்துக்கு விநாடிக்கு 2 மெகாபிட் செல்லும் இணைப்பு இருப்பதாகக் கொள்வோம். 1,500 பைட் என்பது 12,000 பிட். அது கம்பியில் ஏற 6 மில்லி விநாடி ஆகும். ரிங்கில் 64 பொட்டலங்களுக்கு இடம் இருந்து, யாரோ அனுப்பும் எக்ஸ்ரே படத்தின் பொட்டலங்கள் அத்தனை இடத்தையும் அடைத்துக்கொண்டால், பின்னால் வரும் குரல் 384 மில்லி விநாடி காத்திருக்கும். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர 150 மில்லி விநாடிக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த அளவைப்போல் இரண்டரை மடங்கு நேரம், புறப்படும் வாயிலிலேயே கழிந்துவிடுகிறது. நகரத்து மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை வருவதற்குள் அவர் மறுபடியும் கேட்கிறார். இருவர் பேச்சும் மோதிக்கொள்கின்றன. மிகவும் பிந்தி வந்த குரற் பொட்டலங்களை மறுமுனைக் கருவி எறிந்துவிடுவதும் உண்டு. அப்போது சொற்கள் அறுபடும். 'மாத்திரையை நிறுத்துங்கள்' என்ற சொற்களில் பின்னது கேளாமற்போனால் விளைவு என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பரிகாரம் எளிது. ரிங்கின் நீளத்தைக் குறைக்க வேண்டும். சிஸ்கோ ரூட்டர்கள் பலவற்றில் 'டிஎக்ஸ் ரிங் லிமிட்' என்ற கட்டளை இதற்கென்றே உண்டு. 64 என்பதை 4 ஆக்கினால், மேற்சொன்ன 384 மில்லி விநாடி 24 ஆகச் சுருங்கிவிடும். கம்பியின் வேகம் மாறவில்லை, செலவும் இல்லை. தேங்கும் இடம் வாயிலிலிருந்து முதல் வரிசைக்கு மாறியது. அங்கே நம் விதி விழித்துக்கொண்டது.

அப்படியானால் எல்லா இடத்திலும் 4 என்றே வைத்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது பிழையாகும். விநாடிக்கு ஒரு கிகாபிட் செல்லும் பாதையில் அதே பெரிய பொட்டலம் 12 மைக்ரோ விநாடியில் கழிந்துவிடும். 64 பொட்டலங்கள் சேர்ந்தாலும் ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. அங்கே 4 மட்டும் வைத்தால், செயலி திரும்பி வருவதற்குள் ரிங் காலியாகி, பாதை வீணே கிடக்கும். ஒரே எண்ணிக்கை மெதுவான பாதையில் மிகை. விரைவான பாதையில் குறை. ஆகவே அளக்க வேண்டியது பொட்டலங்களின் எண்ணிக்கையை அன்று. அவை கழியப் பிடிக்கும் நேரத்தை. செயலி மீண்டும் வருவதற்குப் போதுமான நேரத்துக்கு வேலை இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டா. 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.3 பதிப்பில் சேர்ந்த ஓர் ஏற்பாடு, பொட்டலங்களை எண்ணாமல் பைட்டுகளை எண்ணி, இந்த அளவைத் தானே கண்டுகொள்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. நெருக்கடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வரிசை நீளும். ரூட்டரிலிருந்து மோடம் வரை உள்ள கம்பி வேகமானது, மோடத்துக்கு அப்பால் உள்ளதே மெதுவானது என்றால், தேக்கம் மோடத்தில் ஏற்படும். அங்கே ரூட்டரின் ரிங்கைச் சுருக்கிப் பயன் இல்லை. ரூட்டரிலிருந்து பொட்டலங்கள் வெளியேறும் வேகத்தை, மெதுவான பாதையின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக நாமே கட்டுப்படுத்தி வைத்தால், வரிசை நம் கைக்குள் வந்து சேரும்.

இவ்வளவு பெரிய வரிசைகள் ஏன் வைக்கப்பட்டன? நினைவகத்தின் விலை இறங்க இறங்க, ஒரு பொட்டலத்தையும் இழக்கலாகாது என்ற நல்லெண்ணத்தால் இடத்தைப் பெருக்கிக்கொண்டே போனார்கள். ஆனால் 1988-இல் வான் ஜேகப்சன் வகுத்துரைத்த முறைப்படி, பொட்டலம் இழக்கப்படுவதையே அனுப்புவோர் நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு வேகத்தைத் தணிக்கிறார்கள். வரிசை மிகப் பெரிதானால் அந்த அறிகுறி காலந்தாழ்ந்தே போய்ச் சேரும். இந்நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று 2010-இல் பெயரிட்டவர் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர்.

உங்கள் இணைப்பில் இந்நோய் உண்டா என்று நீங்களே சோதிக்கலாம். கணினியில் 'பிங்' கட்டளையை இட்டு, பாதை ஓய்வாக உள்ளபோது மறுமொழி வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே மறுபடியும் பாருங்கள். 20 மில்லி விநாடி 400 ஆக உயர்ந்தால், எங்கோ ஒரு வரிசை அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது என்று அறியலாம். அதிக வேகமுள்ள இணைப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த வரிசை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது அறிவுடைமையாகும்.