பேத்தியின் கழுத்துக் கருமை அழுக்கல்ல
(மூத்தோருக்கான நலவாழ்வுப் பேச்சின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை உங்களுக்காகத் தமிழில் மொழிபெயர்ப்பவள். இன்று நான் பேசப்போகும் நோய் எனக்கும் உண்டு. அதன் பெயர் பிசிஓஎஸ். சினைப்பை நீர்க்கட்டி என்று தமிழில் சொல்கிறோம்.

எனக்குப் பதினைந்து வயதானபோது கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தது. என் பாட்டி அதை அழுக்கு என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலை மாவு பூசித் தேய்ப்பார். தோல் எரிந்ததே தவிர, கருமை போகவில்லை. மாதவிடாயும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தது. "கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் மருத்துவரிடம் போனேன். பாட்டிக்கு நீரிழிவு இருந்தது. அதற்கும் என் கழுத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை.

உண்ணும் உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடல் பயன்படுத்த இன்சுலின் வேண்டும். பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகுதியால் கழுத்தும் அக்குளும் கறுக்கின்றன. சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடுகிறது. முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதனால் வருபவை. ஒல்லியான பெண்களுக்கும் இது வரலாம்.

நீர்க்கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். அவை முழுதாக வளராத முட்டைப் பைகள். புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்த நோய் உண்டு. அவர்களில் 70 விழுக்காடு வரை தங்களுக்கு இது இருப்பதை அறியாதவர்கள்.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறது அல்லவா? அதை அழற்சி என்கிறோம். பிசிஓஎஸ் உள்ள பலரின் உடலில், வெளியே தெரியாமல், நீறுபூத்த நெருப்பாக மெல்லிய அழற்சி இருந்துகொண்டே இருக்கிறது. இன்சுலினின் வேலைக்கும் இரத்தக் குழாய்களுக்கும் அது நல்லதல்ல.

நம் உடலில் புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பான்களும் உண்டு. ஒன்றைக் கத்தி என்றால், மற்றதை உறை எனலாம். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவர வழி திறப்பதிலும் இந்த நொதிகளுக்குப் பங்கு உண்டு. அதனால் ஆய்வாளர்கள் இவற்றைக் கவனித்து வருகிறார்கள். ஆனால் ஆராய்ச்சி வேறு, மருந்து வேறு. இத்தகைய தடுப்பு மாத்திரைகளை மருத்துவர்கள் எச்ஐவி போன்ற கிருமித் தொற்றுகளுக்குத் தருகிறார்கள். பிசிஓஎஸ்-க்கு அவை மருந்தல்ல. "அழற்சியை அடியோடு போக்கும்" என்று கைப்பேசியில் வரும் விளம்பரத்தை நம்பி, பேத்திக்காக எதையும் வாங்கிவிடாதீர்கள்.

அந்த நெருப்பைத் தணிக்க வீட்டிலேயே வழி உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது மீன். சீனி போட்ட தேநீருக்குப் பதில் தே ஓ கொசோங். கூடுதல் எடை உள்ளவர்கள் அதில் 5 விழுக்காட்டைக் குறைத்தாலே பலன் தெரியும்.

பெரியவர்களாகிய உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் பேத்தியின் உடம்பைப் பற்றி விருந்தினர் முன் பேசாதீர்கள். "குண்டாகிவிட்டாய்" என்ற ஒரு சொல்லால் அவள் மருத்துவரிடம் போகவே கூச்சப்படுவாள்.

இரண்டாவது, அவள் பையில் கருத்தடை மாத்திரையைக் கண்டால் தவறாக நினைக்காதீர்கள். மாதவிடாயைச் சீர்ப்படுத்த மருத்துவர்கள் அதைத் தருவது வழக்கம். நீங்கள் நீரிழிவுக்காக விழுங்கும் மெட்ஃபார்மினையும் அவளுக்குத் தரலாம். அதற்காக அவளுக்கு நீரிழிவு வந்துவிட்டது என்று பொருளல்ல.

மூன்றாவது, உங்களையும் கவனியுங்கள். இளமையில் உங்களுக்கும் மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போனதா? அந்தக் காலத்தில் அதற்கு யாரும் பெயர் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதவிடாய் நின்றாலும் நீரிழிவு, இரத்த அழுத்த ஆபத்து நிற்பதில்லை. பிசிஓஎஸ் உள்ள பெண்ணின் தாய்க்கும் சகோதரிகளுக்கும்கூட அந்த ஆபத்து கூடுதல். உங்கள் குடும்ப மருத்துவரிடம் இதைச் சொல்லி, சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கருப்பையை அவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

என் பாட்டி என்மேல் பாசம் இல்லாமலா கழுத்தைத் தேய்த்தார்? அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது உங்களுக்குத் தெரியும். அடுத்த முறை பேத்தியின் கழுத்தில் கருமையைக் கண்டால், அவள் கையைப் பிடித்துப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போங்கள். போன கையோடு, நீங்களும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள்.