எங்கே புறப்படுகிறார் பெரியவர்?



1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலாக விவரித்த அந்த மறதி நோய்க்கு ஆளான பெரியவர்கள், வீட்டார் சற்றுக் கண்ணயர்ந்த வேளையில் தெருவில் இறங்கி நடந்துவிடுவதை அர்த்தமற்ற அலைச்சல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வீடு வீடாகச் சென்று இத்தகையோரைப் பராமரிக்கும் தாதியாகிய எனக்கோ, அநேகமாக ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் ஒரு காரியம் உண்டு என்பதே அனுபவம்.

திருச்சி பொன்மலையில், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற ஒருவர், காலையில் சங்கு ஊதியதும் பரபரவென எழுந்து, காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு விரைவார். "மாமா, நீங்க ரிட்டயராகி எத்தனையோ வருஷமாச்சே!" என்று மருமகள் மன்றாட மன்றாட, நேரமாகிறதென்ற தவிப்பில் பூட்டிய கதவைப் பிடித்து உலுக்குவார். தர்க்கத்தை விட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மறுநாள் அவள் தூக்கில் இரண்டு இட்லி வைத்துக் கொடுத்து, செருப்பை மாட்டிவிட்டு, தானும் கூடவே நடந்தாள். காலனிக் கோடியிலுள்ள வேப்பமரத்தடியில் அமர்ந்து, இட்லியை நிதானமாகச் சாப்பிட்டு, தூக்கை மூடிக் கொண்டியையும் சரிபார்த்தவர், "இன்னிக்கு அரை நாள்தான் மாமா, வாங்க வீட்டுக்குப் போகலாம்" என்றதும், வேலை முடித்த மனிதருக்குரிய கம்பீரத்துடன் எழுந்து வந்தார். அந்த நடை நித்திய வழக்கமாயிற்று. கதவை உலுக்குவதும் பெரும்பாலும் ஓய்ந்தது.

ஆகவே, கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த வேளையில், எதைக் கையிலெடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று சில நாள் கவனியுங்கள். அந்தி மயங்கும் நேரத்தில் கலக்கம் மிகுவது பலரிடம் காண்பது. பசியும், தாகமும், கழிவறை தேடும் அவஸ்தையும்கூட, வாயால் சொல்ல இயலாதவரை எழுந்து நடக்கச் செய்யும்.

நேரம் நெருங்குவதால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே பொருத்துங்கள். ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிச் செல்வது மகா அபாயம். செருப்பும் குடையும் வாசலருகே கண்ணில் படாதிருக்கட்டும். சட்டையின் உட்புறத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தைத்துவையுங்கள். டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சங்கோசமின்றி விஷயத்தைச் சொல்லிவையுங்கள். காணவில்லையென்றால், கால்மணி நேரம் அக்கம்பக்கம் தேடியும் கிடைக்காதபோது, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 112-ஐ அழையுங்கள். முதியோர் நலம் பற்றிய ஆலோசனைக்கு 14567 இருக்கிறது. போலீஸார் முதலில் கேட்பது அண்மையில் எடுத்த புகைப்படம்; அதையாவது இன்றிரவே எடுத்து வைத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.