பணம் கடல் தாண்டுவதில்லை



தெருமுனையில் இளநீர் குடித்துவிட்டு, வண்டியில் தொங்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறோம். பணம் வந்துவிட்டதென்று அங்கிருக்கும் சின்ன ஸ்பீக்கர் தெருவுக்கே கேட்கும்படி அறிவிக்கிறது. 2016இல் யூபிஐ வந்த பிறகு இது நமக்கு எவ்வளவு பழகிவிட்டது என்றால், அந்தக் குரல் வரச் சற்றுத் தாமதமானால்கூட "என்னப்பா, சர்வர் டவுனா?" என்று சலித்துக்கொள்கிறோம்.

அந்த இளநீர்க்காரரின் மகன் ரியாத்தில் வேலை பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வங்கி வழியாக அனுப்பும் பணம் வீடு வந்து சேர இரண்டு நாளும் ஆகலாம், ஐந்து நாளும் ஆகலாம். எங்கே இருக்கிறது என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்கு" என்பார்கள். வந்த பிறகு பார்த்தால் அனுப்பியதைவிடக் குறைந்திருக்கும். குறைத்தது யார்? அனுப்பிய வங்கி பெற்ற வங்கியைக் கைகாட்டும். பெற்ற வங்கி அனுப்பிய வங்கியைக் கைகாட்டும்.

2024இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. உலகில் வேறு எந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. அதில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறது என்கிறது 2023-24க்கான ரிசர்வ் வங்கி ஆய்வு. இவ்வளவு பெரிய வரத்துக்கு ஏன் இத்தனை இழுபறி?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். பணம் கடல் தாண்டுவதே இல்லை. 1973இல் பெல்ஜியத்தில் 15 நாடுகளின் 239 வங்கிகள் கூடி ஸ்விஃப்ட் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கின. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில் 11,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. ஸ்விஃப்ட் வழியாகப் பணம் வந்தது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். ஆனால் ஸ்விஃப்ட் ஒரு காசைக்கூடத் தூக்கிச் செல்வதில்லை, தகவலைத்தான் கொண்டுபோகிறது. "இன்னாருக்கு இவ்வளவு கொடுத்துவிடு, உன்னிடம் இருக்கும் என் கணக்கில் கழித்துக்கொள்" என்று ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதும் கடிதம் அது. சந்தை வியாபாரிகள் ஒருவர் பெயரில் மற்றவர் பற்று வரவு எழுதிவைப்பதைப் போன்ற ஏற்பாடுதான். ஒரு வங்கியிடம் மற்றொன்றுக்குக் கணக்கு இல்லையென்றால், இருவருக்கும் தெரிந்த மூன்றாவது வங்கியைத் தேட வேண்டும். சில சமயம் நான்காவதும் வரும். நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் தன் கூலியை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை நகர்த்துவார்.

இதில் அதிகம் அடிபடுவது பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும் பெற்றோர். மகளின் கல்லூரிக்கு 8,000 டாலர் கட்டுகிறார் ஒரு அப்பா. போய்ச் சேர்வது 7,980. கல்லூரியின் கம்ப்யூட்டருக்கு இடைவங்கி என்றெல்லாம் தெரியாது, கட்டணம் பாக்கி என்று மகளுக்கு மின்னஞ்சல் தட்டிவிடும். அந்த 20 டாலரை அனுப்ப மறுபடியும் வங்கிக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, வழியில் இன்னொரு வெட்டு. இருபதை அனுப்ப இருபதுக்கு மேல் செலவு! படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஓயூஆர் என்று குறித்தால் எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் கணக்கில் சேரும், பெரும்பாலும் முழுத்தொகை போய்விடும். எஸ்எச்ஏ என்றிருந்தால் வழிச்செலவு வரும் பணத்திலேயே கழியும். வேறொன்றும் சொல்லாவிட்டால் பல வங்கிகளில் எஸ்எச்ஏதான். கவுண்டரில் இதை யாராவது விளக்கிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

"கட்டணமே இல்லை" என்ற விளம்பரத்தை நான் நம்புவதில்லை. சந்தையில் சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் விற்கும் நாளில் உங்களுக்கு 64 ரூபாய் கணக்குப் போட்டால், 1,000 டாலருக்கு 1,000 ரூபாய் போயிற்று. அது ரசீதில் கட்டணமாக வராது. ஆகவே எவ்வளவு கட்டணம் என்று கேட்காதீர்கள். வீட்டில் கையில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று கேளுங்கள். நாலு இடத்தில் இதே கேள்வியைக் கேட்டால் விவரம் விளங்கிவிடும். 200 டாலர் அனுப்ப ஆகும் செலவு, உலகச் சராசரி, 6 சதவீதத்துக்கு மேல் என்று உலக வங்கி சொல்லிவருகிறது. 2030க்குள் அதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் ஊருக்கு வரும் தடங்கள் போட்டி மிகுந்தவை, ஓரளவு மலிவு. தென்னாப்பிரிக்காவிலிருந்து பக்கத்து நாட்டுக்கு அனுப்பும் தொழிலாளியின் பாடு இதைவிடப் பல மடங்கு மோசம்.

நாட்கணக்குக்கு ஒரு காரணம் விடுமுறை. சவூதியில் வெள்ளி, சனி. நியூயார்க்கில் சனி, ஞாயிறு. டாலர் வழியாகச் சுற்றிவரும் பணமென்றால், இரண்டு ஊரிலும் ஒரே நாளில் வங்கி திறந்திருப்பது வாரத்தில் நான்கு நாள்தான். இங்கே இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் சேர்ந்துகொள்ளும்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வங்கி வாய்மூடி இருப்பது. தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்த காலத்தில், பெற்றவர் கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பிப் போகும். மதராஸிலிருந்து அனுப்பியவருக்கு, ஊரில் அம்மா வாங்கிக்கொண்டாள் என்பதற்கு அவள் கைநாட்டே சாட்சி. இன்று அந்த வசதி இல்லாமலில்லை. 2018 நவம்பர் முதல் ஒவ்வொரு ஸ்விஃப்ட் பணச் செய்திக்கும் யூஈடிஆர் என்ற 36 குறியீடுகள் கொண்ட தடஎண் கட்டாயம். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது, யார் எவ்வளவு கழித்தார் என்று வங்கியால் பெரும்பாலும் பார்த்துச் சொல்ல முடியும். நம்மிடம் மட்டும் "மூணு டு அஞ்சு வொர்க்கிங் டேஸ் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை பணம் தாமதமானால் யூஈடிஆர் எண்ணையும் செய்தியின் நகலையும் கேளுங்கள். அந்த எண்ணின் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொரு சங்கடம், நமக்கே உரியது. பெயர்.

செல்வராஜ் மகன் முருகேசன். பாஸ்புக்கில் எஸ். முருகேசன். ஆதாரில் வெறும் முருகேசன். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாதென்று ஏஜென்ட் சொன்னதால் அதில் செல்வராஜ். விமானம் இறங்கியதும் முருகேசன் காணாமல் போய், மிஸ்டர் செல்வராஜ் ஆகிவிடுகிறார். ஆகாய விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்த அப்பாவின் பெயரில் சம்பளம் வருகிறது, வங்கிக் கணக்கு திறக்கிறது, வாடகை ஒப்பந்தம் ஆகிறது. குடும்பப்பெயர் இல்லாமலே போனால்? அமெரிக்க ஆவணங்களில் முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து உங்கள் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவே இல்லை என்று அறிவித்தது.

இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று ஊர்த் தலையாரிக்குத் தெரியும். வங்கியின் மென்பொருளுக்குத் தெரியாது. மகனிடமிருந்து வரும் பணத்தை "பெயர் பொருந்தவில்லை" என்று நிறுத்திவைக்கும். தடைப்பட்டியலில் உள்ள எவனோ ஒருவன் பெயருடன் ஒத்துப்போனாலும் நிறுத்தும். பழைய ஸ்விஃப்ட் செய்தியில் அனுப்புபவரின் பெயர், முகவரி இரண்டுக்கும் சேர்த்து நான்கு வரி, வரிக்கு 35 ஆங்கில எழுத்து. திருவல்லிக்கேணி வெங்கடசுப்பிரமணியனை அதற்குள் அடைத்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வரும் பெயரில் இவ்வளவு கறார். உள்ளூரில் நேர் எதிர். நெஃப்டில் பணம் போட்டால் பெறுபவரின் பெயரை ஒப்பிடாமல் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைப்பதுதான் நெடுங்காலமாக நடைமுறை. ஓர் இலக்கம் பிசகினால் பணம் முன்பின் தெரியாதவர் கணக்கில். பிரிட்டனில் 2020இலேயே பெயர் சரிபார்க்கும் முறை வந்துவிட்டது. இங்கே 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்போது பணம் அனுப்பும் முன் திரையில் பெயர் வந்தால், அவசரப்படாமல் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் இங்குள்ள தன் கணக்கைத் தொடுவதுதான் இருப்பதிலேயே பெரிய கூத்து. ஓடிபி பெரும்பாலும் இந்திய எண்ணுக்கு வரும். அந்த சிம் கார்டு வீட்டில் ஒரு பழைய பட்டன் போனில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சார்ஜரோடு இருக்கும். நள்ளிரவில் துபாயிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு.

"அம்மா, அந்தப் பழைய போனை எடு. மெசேஜ் வந்திருக்கா பாரு."

"இருடா, கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியல."

"சீக்கிரம்மா, டைம் போவுது."

"ஆங்... ஒன்னு, ஒம்போது, ஒம்போது... டேய், இது ரீசார்ஜ் பண்ணச் சொல்ற மெசேஜ்டா."

அதற்குள் நேரம் முடிந்துவிடும். மூன்று முறை இப்படி ஆனால் அன்றைக்குக் கணக்கு பூட்டிக்கொள்ளும். இந்த எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள் என்று அதே குறுஞ்செய்தியில் எச்சரிக்கையும் இருக்கிறது. அம்மாவை வாசிக்க வைப்பதைத் தவிர பிள்ளைக்கு வேறு வழி வைக்காததும் அதே வங்கிதான். வயதானவர்கள் போனில் ஓடிபி படித்துக்காட்டப் பழகினால் அடுத்து என்ன நடக்கும் என்று மோசடிக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

ரீசார்ஜ் செய்ய மறந்தால் எண்ணே பறிபோகும், வேறொருவருக்குக் கொடுக்கப்படும். எண்ணை மாற்ற ஹோம் பிராஞ்சுக்கு நேரில் வரச் சொல்வார்கள். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு முடங்கும். பத்தாண்டு ஆனால் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், பிறகு மனுப் போட்டுத்தான் மீட்க வேண்டும். ஐஎஃப்எஸ்சி என்ற கிளைக் குறியீடு தனிக்கதை. 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்த பிறகு ஆயிரக்கணக்கான கிளைகளின் குறியீடு மாறியது. வெளிநாட்டில் இருப்பவர் எழுதிவைத்திருந்தது பழையது. ஒரே வீடு, ஒரே ஊர், ஒரே போன் எண், ஒரே பெயர் என்று வாழ்நாள் முழுக்க அசையாமல் இருப்பவரை மனதில் வைத்துக் கட்டிய ஏற்பாடு இது. பிழைப்புக்காக எல்லை தாண்டியவர் அதற்குச் சந்தேகத்துக்குரிய ஆள்.

கள்ளப் பணத்தைத் தடுக்கச் சோதனை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் நேர்வழி கரடுமுரடானால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதை இலங்கை காட்டியிருக்கிறது. 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் அங்கே வங்கியில் டாலரின் விலையை 200 ரூபாயை ஒட்டியே பிடித்துவைத்திருந்தார்கள். வெளியே, வங்கியைத் தொடாமல் பணம் கைமாற்றும் உண்டியல்காரர் அதைவிட நல்ல விலை கொடுத்தார். 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த வெளிநாட்டு வரவு 2021இல் 550 கோடி, 2022இல் 380 கோடி என்று சரிந்தது. நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லாத நேரத்தில்! உண்டியல் சட்டப்படி குற்றம், ஏமாந்தால் புகார் கொடுக்கவும் நாதியில்லை. ஆனால் அவர் செய்வதிலும் பணம் கடல் தாண்டுவதில்லை, ஒரு தொலைபேசி அழைப்புதான் தாண்டுகிறது. ஸ்விஃப்ட் செய்யும் அதே வேலையை, சொன்ன விலைக்கு, சொன்ன நேரத்தில் முடித்துக்கொடுத்தார் என்பதுதான் அவர் பக்கம் கூட்டம் சேர்த்தது.

தொழில்நுட்பம் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது. 2023 பிப்ரவரியில் நம் யூபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. இதில் சேர்ந்துள்ள வங்கிகளில் கணக்கு இருந்தால் போன் எண்ணை வைத்தே கண்ணிமைக்கும் நேரத்தில் பணம் வருகிறது. நாளொன்றுக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வரை அனுப்பலாம். இரண்டு மத்திய வங்கிகள் உட்கார்ந்து பேசியதால் நடந்தது. மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளோடும் இப்படி இணைய, நெக்சஸ் என்ற திட்டத்தில் 2024இல் இந்தியா சேர்ந்திருக்கிறது.

அந்த இணைப்பு வரும்வரை, பணம் சிக்கிக்கொண்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தாமதத்துக்குக் கெடுவும் இழப்பீடும் விதித்த உத்தரவு ஒன்றும் உண்டு. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், ஐந்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். யூபிஐயில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவர் கணக்கில் ஏறாவிட்டால் மறுநாளுக்குள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே அவர் கணக்கில் சேர வேண்டும் என்று 2019இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் இந்தியாவுக்குள் இருக்கும் பரிமாற்றங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது.