ஆண்டுக்கு ஒரு யாத்திரை

(எமது சங்கத்தின் தைப்பொங்கல் விழாவில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவரான சங்க உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. வழி பிறக்கும் என்றார்களேயன்றி, அவ்வழியே நம்மை யாரேனும் தூக்கிச் செல்வார் என்று அவர்கள் கூறவில்லை. பிறந்த வழியில் நடக்க வேண்டியவர் நாமேயாவோம். புத்தாண்டு தோறும் நாம் செய்யும் தீர்மானங்கள் பல. அவற்றுள் "இவ்வாண்டு இன்ன இடங்களைக் காண்பேன்" என்னும் தீர்மானம் இளைஞர் உள்ளத்துக்கு மிக இனியது. மிக எளிதிற் கைவிடப்படுவதும் அதுவே. அதைக் கைவிடாமற் காப்பது எங்ஙனம் என்பதே இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். இப்பொருளில் அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. ஆனால் தவறிய ஒருவன் தன் தவற்றை எடுத்துரைக்கலாம் அல்லவா? அந்த உரிமையோடு பேசுகின்றேன்.

2023ஆம் ஆண்டு தை மாதம். பல்கலைக்கழகப் பிரவேசத்தை எதிர்பார்த்து வீட்டிலிருந்த காலம். புதிய கொப்பி ஒன்றில் அவ்வாண்டு காண வேண்டிய இடங்களை எழுதினேன். காசி, இமயமலை, தஞ்சாவூர், அங்கோர் வாட், சிங்கப்பூர், கதிர்காமம், சிவனொளிபாதமலை என ஏழு இடங்கள்! கையிற் பணமில்லை, கடவுச்சீட்டும் இல்லை. இருந்தும் ஏழு இடங்களை எழுதியபோது ஏழையும் கண்டுவிட்டவன் போன்ற ஒரு பெருமிதம் எனக்கு உண்டாயிற்று.

அம்மம்மா அருகிலிருந்தார். பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பின்பு, "ராசா, உதிலை என்னையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய இடம் ஏதேன் இருக்கோ?" என்றார். "எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போவன் அம்மம்மா" என்றேன். அவர் சிரித்தார். "எனக்கு உவ்வளவு வேண்டாம் மேனை. கேதீச்சரத்துக்கு ஒருக்கால் போட்டு வந்தாற் போதும்" என்றார்.

மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரத்தை அவர் சிறுமியாக இருந்தபோது கண்டவர். போர்க்காலம் வந்து வழியை மறித்தது. ஆனால் 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மன்னார்ப் பக்கம் செல்வது எளிதாயிற்று. காலையிற் புறப்பட்டால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். அத்துணை அண்மையிலிருந்த இடம் என் பட்டியலில் இல்லை! "பங்குனியிற் போவம்" என்றேன். பங்குனியில் வெயில் கடுமை என்றேன். ஆடியில் வேறொரு காரணம் சொன்னேன். அவ்வாண்டு கார்த்திகை மாதத்தில் அம்மம்மா காலமானார். ஏழு இடங்களில் ஒன்றையும் நான் காணவில்லை. அவர் கேட்ட ஓர் இடத்தையும் அவருக்குக் காட்டவில்லை.

அன்பர்களே! என் குற்றம் சோம்பல் மட்டுமன்று. தொலைவில் இருப்பதைப் பற்றிய கனவு, அண்மையில் இருப்பதைச் செய்யாதிருப்பதற்கு எனக்கு ஒரு போர்வையாக இருந்தது. எட்டாத இலக்கை வகுத்துக்கொள்பவனை உலகம் பெரிய எண்ணம் உடையவன் என்கிறது. உண்மையில் அவன் தன்னை ஒருவரும் கணக்குக் கேட்க முடியாதபடி செய்துகொள்கின்றான். இமயமலைக்குப் போகாதவனை யார் குறை கூறுவர்? மன்னாருக்குப் போகாதவனையல்லவா கேட்பார்கள்!

நான் கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அங்கே வேதபாட வேளையில் ஓர் உவமை சொல்வார்கள். கோபுரம் கட்டக் கருதுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும்; இல்லையேல் அத்திவாரத்தோடு நின்றுபோன கட்டடத்தைக் கண்டு ஊரார் நகைப்பார்கள் என்பது அதன் கருத்து. பரீட்சைக்காக அதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். அதன் பொருளை 2023ஆம் ஆண்டின் இறுதியிலேதான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்த தை பிறந்தபோது பேராதனையில் முதலாண்டு மாணவனாக இருந்தேன். அதே கொப்பியை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினேன்: "வைகாசிப் பூரணைக்கு முன் சிவனொளிபாதமலை." ஏழு பெயர்கள் இருந்த இடத்தில் ஒரு பெயரும் ஒரு தவணையும்.

ஏன் அந்த மலை? பேராதனைக்கு அண்மையில் உள்ளது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நான் வாசித்த ஒரு பழைய வரலாறு. மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து கடல்வழியாக வந்து புத்தளத்திற் கரையிறங்கினார். யாழ்ப்பாணத்து அரசராகிய ஆரியச்சக்கரவர்த்தி அப்போது அங்கே இருந்தார். அரசர் அவரை உபசரித்து, வேண்டியதைக் கேட்கும்படி சொன்னார். அரசரிடம் முத்துக்கள் குவிந்திருந்தன. ஆனால் யாத்திரிகர், இத்தீவிற்கு வந்ததுமுதல் தமக்குள்ள ஆசை மலைமீதுள்ள திருப்பாதத்தைக் காண்பது ஒன்றே என்று விடை கூறினார்.

அரசர் செய்தது என்ன? பல்லக்கு ஒன்று கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் பரிவாரத்திற் பத்துப் பேரையும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார். இதனை இபின் பதூதாவே தம் யாத்திரை நூலிற் குறித்துள்ளார். இலக்கு ஒன்று, வழியறிந்த துணை, எண்ணி எடுத்த உணவு. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நம் அரசரொருவர் வகுத்த பிரயாணத் திட்டம் இது. இதைவிடச் சிறந்த பாடம் எனக்கு வேறு வேண்டியதில்லை.

எனக்குப் பல்லக்குக் கொடுக்க அரசர் இல்லை. ஆகவே என்னையே நான்கு கேள்விகள் கேட்டுக்கொண்டேன். எந்த நாள்? எவ்வளவு பணம்? உடல் இடங்கொடுக்குமா? துணை யார்?

முதலாவது, நாள். அம்மலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடிகின்றது. மற்றைய மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி. பூரணை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் படிகளில் அடியெடுத்து வைக்க இடமிராது. ஆதலால் பங்குனியில், விரிவுரை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைத் தெரிந்து, அன்று அதிகாலையில் உச்சியில் நிற்பது என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது, பணம். புகையிரதம், பஸ் வண்டி, உணவு, எதிர்பாராத செலவு ஆகியவற்றுக்கு 3,000 ரூபா என்று மதிப்பிட்டேன். மூன்று மாதங்களில் மாதம் 1,000 ரூபாவாக அதனைச் சேர்த்தேன். கடன் வாங்கிப் பிரயாணம் செய்பவன் திரும்பி வந்தபின்னும் பல மாதம் பிரயாணத்தின் பாரத்தைச் சுமக்கின்றான்.

மூன்றாவது, உடல். மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறுபவர் ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏறவேண்டும். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். சமதரையாகிய யாழ்ப்பாணத்திற் பிறந்து சைக்கிளிலேயே வளர்ந்த என் கால்களுக்கு அது பெரும் சோதனை. எனவே கிழமைக்கு மூன்று நாள் ஹந்தானை மலைச்சரிவில் நடந்து பழகினேன். முதல் வாரத்தில் மூச்சு முட்டிற்று. ஆறாம் வாரத்திற் பேசிக்கொண்டே நடக்க முடிந்தது.

நான்காவது, துணை. நால்வர் சென்றோம்: இருவர் தமிழர், ஒருவர் சிங்களவர், ஒருவர் முஸ்லிம். நால்வரும் அம்மலையை வெவ்வேறு பெயரால் அழைப்பவர்கள். அந்த இரவில் ஒரே படியில் ஏறினோம். புறப்படுமுன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். இயலாதவர் வழியில் தங்கலாம். அவரை எவரும் ஏளனம் செய்யலாகாது. அவரும் மற்றவரைத் தடுக்கலாகாது. இந்த ஒப்பந்தம் பயன்பட்டது. பாதி வழியில் ஒருவருக்கு முழங்கால் நோவு கண்டது. அவர் ஒரு தேநீர்க் கடையிற் போர்வையோடு அமர்ந்துகொண்டார். அவர் தோற்றவர் அல்லர். தம் அளவை அறிந்து நின்றமையால், காலைச் சேதப்படுத்தாமல் எங்களோடு வீடு திரும்பினார்.

ஹற்றன் வரை புகையிரதத்திலும், அங்கிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை பஸ்ஸிலும் சென்று, நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கியவர்கள், விடியுமுன் உச்சியை அடைந்தோம். சூரியன் எழுந்தபோது மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே முகிலின்மேல் விழுந்ததைக் கண்டேன். அதன் அழகைக் கூற எனக்குச் சொல் வராது.

உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனை முறை மலையேறினோமோ அத்தனை முறை அதனை அடிப்பது வழக்கம். நான் ஒரு முறை அடித்தேன். எனக்குப் பின்னால் நின்ற தோட்டத் தொழிலாளியான முதியவர் ஒருவர் அடிக்கத் தொடங்கினார். எண்ணினேன். இருபத்துமூன்று! வியப்போடு அவரைப் பார்த்தேன். "வருசத்துக்கு ஒரு தடவதான் தம்பி. அதுக்கு மேல நான் ஆசைப்படல" என்று சொல்லி, சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு கீழே இறங்கினார். ஏழு இடங்களை ஓராண்டில் எழுதிய எனக்கு அவர் சொன்ன சொல்லைவிட வேறு உபதேசம் வேண்டுமா?

திட்டம் இட்டால் எல்லாம் நிறைவேறிவிடும் என்று நான் சொல்லவில்லை. நமக்குப் புறம்பான தடைகள் உண்டு. 2020ஆம் ஆண்டில் நோய்த்தொற்றும் ஊரடங்கும் வந்தன. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக இரவுபகலாக வரிசையில் நின்றோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பல உயிர்களைக் கொண்டுசென்றது; மலைநாட்டுப் புகையிரதப் பாதைகளும் வீதிகளும் பெரும் சேதமுற்றன. ஆகையால் அப்பக்கம் செல்ல நினைப்போர் பாதையின் நிலையை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். எந்த இலக்கிற்கும் ஒரு மாற்று நாளையும், அண்மையில் ஒரு மாற்று இடத்தையும் குறித்துவைத்தல் நன்று. தடை வந்தபோது தள்ளிவைப்பது வேறு. தடையைத் தேடித் தள்ளிவைப்பது வேறு. நான் 2023இற் செய்தது இரண்டாவது.

2025ஆம் ஆண்டிலும் கொப்பியில் ஒரு வரியே எழுதினேன்: "அம்மாவுடன் திருக்கேதீச்சரம்." ஆனி மாதத்திற் சென்றோம். காலையிற் புறப்பட்டு, பாலாவியில் நீராடி வழிபட்டு, பொழுது சாய வீடு திரும்பினோம். செலவைக் கணக்குப் பார்த்தேன். நண்பரோடு இரண்டு முறை உணவுச்சாலைக்குச் சென்றால் ஆகும் பணத்துக்கு மேல் அது ஆகவில்லை. இவ்வளவு சிறிய தொகைக்காகவா, இவ்வளவு குறுகிய வழிக்காகவா அம்மம்மாவைக் காக்க வைத்தேன் என்று எண்ணியபோது, திரும்பும் வழியில் அம்மாவோடு பேச முடியாதிருந்தது.

இவ்வாண்டு பட்டியலை நான் எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "நெடுந்தீவை நான் இன்னும் பார்க்கேல்லை" என்றார். குறிகாட்டுவானிலிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். யாழ்ப்பாணத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் அத்தீவைக் கண்டதில்லை. நானோ அவரை ஒருநாளும் கேட்டதில்லை! கடல் கொந்தளிக்காத மாதத்தில் ஒரு நாளையும், கடல் இடங்கொடாவிடின் வேறொரு நாளையும் குறித்திருக்கின்றோம்.

இளைஞர்களே! காசியும் இமயமும் அங்கேயே இருக்கும். நமக்கு வயது இருக்கிறது. உழைத்துப் பொருள் சேர்த்து ஒருநாள் செல்வோம். அவற்றைக் கனவு காண்பது தவறன்று. ஆனால் நம் வீட்டு முதியோரின் கால்களுக்கு எஞ்சியுள்ள ஆண்டுகள் நம் கால்களுக்கு உள்ளவை போன்றன அல்ல. ஆகவே இன்று வீட்டிற்குச் சென்றதும், உங்கள் இலக்கை எழுதுமுன், அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட இடம் எது?" அதில் இவ்வாண்டு இயலக்கூடிய ஒன்றைத் தெரிந்து, நாளையும் பணத்தையும் அதன் பக்கத்திலே குறியுங்கள்.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். "எனக்கென்ன, நீங்கள் போய் வாருங்கள்" என்று மறுத்துவிடாதீர்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். பங்குனி என்று நாங்கள் சொன்னால், பங்குனியில் எத்தனையாம் தேதி என்று மறுபடியும் கேளுங்கள்.

அடுத்த தைப்பொங்கலுக்கு இம்மண்டபத்தில் நாம் கூடும்போது, ஒவ்வொருவரும் ஒரே ஒரு பயணத்தைச் சொல்லக்கூடியவராக இருப்போமாக.